குதிரைமேல் இருக்கும் காரியஸ்தன்

கிராமத்தைப் பற்றிய சித்திரம் என்றதும் நம்மில் பெரும்பாலோருடைய மனத்தில் எழுவது சாந்தம் நிறைந்த ஒரு காட்சியே. ஏர் பூட்டிய காளைகள், கஞ்சிக் கலயத்தைத் தலையில் சுமந்து வரப்பின்மேல் நடந்து வரும் பெண், தொலைவில் வரிசையாகப் பனைகள், அவற்றுக்குப் பின்னால் சிவந்து இறங்கும் சூரியன் என்று, பொங்கல் மலர்களின் அட்டைகளிலும், ஜவுளிக் கடைகளும் மளிகைக் கடைகளும் இனாமாக வழங்கும் காலண்டர்களிலும் தலைமுறை தலைமுறையாக நாம் பார்த்துப் பழகிய காட்சி அது. கொடியும் கோஷமும் கூட்டமும் இல்லாத அந்தப் படங்களில் ராஜீய விஷயம் ஏதேனும் இருக்கக்கூடும் என்று யாரும் சந்தேகிப்பதில்லை. பட்டணத்து இரைச்சலில் அலுத்துப்போன கண்களுக்கு அவை சற்று இளைப்பாறுதல் தருகின்றன என்ற அளவில் திருப்தியடைந்து, ஏகாதசி என்றைக்கு என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஆயினும் சித்திரக் கலையின் சரித்திரத்தைப் புரட்டினால், யுத்தங்களையும் பட்டாபிஷேகங்களையும் தீட்டிய பிரம்மாண்டமான படங்கள் எழுப்பாத அச்சத்தையும் ஆத்திரத்தையும், அறுவடை முடிந்த வயலில் மூன்று ஏழைப் பெண்கள் குனிந்து கதிர் பொறுக்குவதைக் காட்டிய ஒரு சிறிய படம் எழுப்பியிருப்பதைக் காண்கிறோம். நிலம் ஒருவருக்குச் சொந்தமாகவும் அதில் வியர்வை சிந்துகிறவர் வேறொருவராகவும் இருக்கும் வரையில், நிலத்தைத் தீட்டப் புகும் ஓவியன் அந்த இருவரையும் எங்கே நிறுத்துவது, யாரை அருகே கொண்டுவருவது, யாரைத் தூரத்தில் தள்ளுவது, யாரை அடியோடு விட்டுவிடுவது என்பதைத் தீர்மானித்தே ஆக வேண்டும். அழகை மட்டும் உத்தேசித்து அவன் அதைச் செய்திருக்கலாம். அப்படி ஒரு தீர்மானம் செய்கிறோம் என்ற பிரக்ஞைகூட அவனுக்கு இல்லாதிருக்கலாம். ஆனால் கிராமச் சித்திரத்தின் ராஜீயம் பெரும்பாலும் அந்தத் தீர்மானத்தில்தான் அடங்கியிருக்கிறது.

ஐரோப்பாவில் குடியானவர்களைக் கண்ணியமான சித்திரப் பொருளாக ஆக்கியவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் பதினாறாம் நூற்றாண்டில் பிளாண்டர்ஸ் பிரதேசத்தில் வாழ்ந்த பீட்டர் புரூகல். பருவங்களையும் மாதங்களையும் பற்றி 1565ஆம் ஆண்டில் அவர் எழுதிய வரிசையில் ஐந்து படங்கள் இன்று எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றான ‘அறுவடை செய்வோர்’ நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் இருக்கிறது. முற்றிய கோதுமையைச் சிலர் அரிகிறார்கள், பெண்கள் கட்டுகிறார்கள், பயிரினூடே வெட்டப்பட்ட வழியில் ஒருவன் ஜாடிகளைச் சுமந்து வருகிறான். மரத்தடியில் ஒரு கூட்டம் வட்டமாக உட்கார்ந்து உண்கிறது. அவர்களுக்குப் பக்கத்தில் ஒருவன் கால்களை அகல விரித்து, வாயைத் திறந்து, உடம்பின் ஒவ்வோர் அவயவமும் அயர்ந்துபோகும்படி தூங்குகிறான். உழைப்பைப் போலவே உழைப்பின் களைப்பும் சித்திரத்துக்கு உரியதே என்று அந்தத் தூக்கம் சொல்கிறது. ஆனால் இந்த வரிசையை எழுதச் சொன்னவர் ஆண்ட்வெர்ப் நகரத்துச் செல்வரான நிக்லாஸ் யோங்கெலிங்க். மறு வருஷமே, தம் நண்பர் ஒருவருடைய கடனுக்கு ஜாமீனாகப் புரூகலின் 16 படங்களை அவர் ஈடு வைத்தார். அரிவாளைக் கையால் தொட்டறியாத ஒருவருடைய மாளிகைச் சுவரில், விருந்தினர் கண்டு களிப்பதற்காக, அந்த அறுவடைக்காரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

குடியானவன் தூங்குவதற்காகவாவது படத்தில் இடம் பெற்ற நிலை மாறி, அவன் அடியோடு மறைந்துபோன கட்டத்தை இங்கிலாந்தில் காண்கிறோம். தாமஸ் கெயின்ஸ்பரோ 1750ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ‘ஆண்ட்ரூஸ் தம்பதி’ என்ற படம் லண்டன் தேசியச் சித்திரசாலையில் இருக்கிறது. இடப்பக்கத்தில் ஒரு பெரிய ஓக் மரம். அதனடியில் நீலப் பட்டு உடுத்து ஆசனத்தில் அமர்ந்திருக்கும் இளம் மனைவி. அருகில், துப்பாக்கியைக் கைக்கிடையில் இடுக்கிக்கொண்டு, நாயுடன் அலட்சியமாக நிற்கும் கணவர். மணமக்களின் படமாயிற்றே என்று நினைத்தால், அவர்கள் படத்தின் ஒரு பாதியோடு நின்றுவிடுகிறார்கள். மறு பாதி முழுவதும் அவர்களுடைய நிலம். கோதுமை அறுத்துக் கட்டுக்கட்டாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அறுத்த தாள்கள் நூல் பிடித்தாற்போல் வரிசையாகத் தெரிகின்றன. அப்பால் வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில் ஆடுகள் நிற்கின்றன.

அந்தக் கோதுமையை அறுத்தவர் யார், கட்டியவர் யார், அவர்கள் அந்த நிமிஷத்தில் எங்கே போனார்கள் என்பதற்குப் படத்தில் ஓர் அடையாளமும் இல்லை. அது வேலியிட்ட நிலங்களின் யுகம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தச் சூனியத்தின் பொருள் விளங்கும். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலங்களையும் சிதறிக்கிடந்த பங்குகளையும் ஒன்றுசேர்த்துத் தனிச் சொத்தாக வேலியடைப்பதற்கு, பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பார்லிமெண்ட் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்களை இயற்றியது. ஒரு பசுவையும் நாலு வாத்துகளையும் பொது நிலத்தில் மேயவிட்டு ஜீவனம் செய்த ஏழைகள் அதன் விளைவாக வெறும் கூலிகளானார்கள். அந்தத் துப்பாக்கியும் வெறும் அலங்காரமன்று. வருஷத்துக்கு 100 பவுன் வருமானம் தரும் சொந்த நிலமோ அதற்கு இணையான ஆஸ்தியோ இல்லாதவர் முயலையும் கௌதாரியையும் வேட்டையாடலாகாது என்று 1671ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. ஆகவே கனவானின் கையிடுக்கில் இருப்பது ஆயுதம் என்பதைவிட அந்தஸ்தின் பத்திரம் என்பதே பொருத்தம். இந்தத் தம்பதி இயற்கையை ரசிக்க வந்தவர்களல்லர், தங்கள் சொத்தின் நடுவே வீற்றிருக்கும் உடைமையாளர்கள் என்று 1972ஆம் ஆண்டில் ஜான் பெர்ஜர் என்ற விமரிசகர் எடுத்துக் காட்டியது முதல், அந்தப் படத்தைப் பழைய கண்களோடு பார்ப்பது சிரமமாகிவிட்டது.

ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பிற்பட்ட ஜான் கான்ஸ்டபிளின் படங்களில் உழைப்பாளிகள் திரும்பி வருகிறார்கள். ஆனால் சிறு புள்ளிகளாக வருகிறார்கள். பிஸ்கட் டப்பாக்களில்கூட அச்சாகி உலகப் பிரசித்தி பெற்ற அவருடைய ‘வைக்கோல் வண்டி’ 1821ஆம் ஆண்டில் காட்சிக்கு வந்தது. ஆழமில்லாத ஆற்றில் ஒரு வெறும் வண்டி நிற்கிறது. மேகங்கள் அற்புதமாக எழுதப்பட்டிருக்கின்றன. வலப்புறத்துத் தூரப் புல்வெளியில் கூர்ந்து பார்த்தால்தான் புல் அறுக்கும் ஆட்கள் வெள்ளைத் துணுக்குகளாகத் தென்படுவார்கள். நெப்போலியன் யுத்தங்களுக்குப் பிறகு தானிய விலை விழுந்து, கூலி குறைந்து, கதிரடிக்கும் யந்திரங்கள் குளிர்காலத்து வேலையையும் பறித்துக்கொள்ள, கிழக்கு இங்கிலாந்தின் கூலி ஜனங்கள் வைக்கோற் போர்களுக்குத் தீ வைத்த காலம் அது. 1830இல் தென் இங்கிலாந்து முழுவதும் பரவிய கலகத்தில் யந்திரங்கள் உடைக்கப்பட்டன. மில் சொந்தக்காரரின் பிள்ளையான கான்ஸ்டபிள், லண்டனில் இருந்துகொண்டு, தாம் பால்யத்தில் கண்ட அமைதியை எழுதினார். அவர் பொய் எழுதவில்லை. முகம் தெரியாத தூரத்தில் நின்று எழுதினார் என்பதே உண்மை. அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் அறுப்பவனுடைய பசி தெரியாது, அவனுடைய சட்டையின் வெண்மைதான் தெரியும்.

இந்தத் தூரத்தைக் கடந்து குடியானவன் திடீரென்று படத்தின் முன்வரிசைக்கு வந்து நின்றது பிரான்ஸில். 1848ஆம் ஆண்டுப் புரட்சி ஆண்கள் அனைவருக்கும் வோட்டுரிமை அளித்தபோது, இரண்டரை லட்சம் பேர் அளவில் இருந்த வாக்காளர் தொகை ஒரேயடியாக 90 லட்சத்துக்கு உயர்ந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். அந்த ஜனசமுத்திரம் எந்தப் பக்கம் சாயும் என்று பாரிஸ் பட்டணத்துக் கனவான்களும் புரட்சிக்காரர்களும் ஒருங்கே நடுங்கினார்கள். 1850ஆம் ஆண்டு மே மாதத்தில் குடியிருப்பு நிபந்தனைகளைக் கடுமையாக்கிச் சுமார் 30 லட்சம் பேருடைய வோட்டைப் பறித்துவிட்டார்கள். அதே வருஷக் கடைசியில் திறக்கப்பட்ட சர்க்கார் சித்திரக் கண்காட்சியில்தான் குஸ்தாவ் கூர்பே தம்முடைய ‘கல்லுடைப்போர்’ படத்தையும், ‘ஓர்னானில் ஒரு சவ அடக்கம்’ என்ற படத்தையும் வைத்தார். முதலாவது, சாலையோரத்தில் கல்லுடைக்கும் ஒரு கிழவனையும் ஒரு பையனையும், கந்தலும் ஒட்டுத்துணியுமாக, முகம் தெரியாதபடி காட்டியது. அது 1945ஆம் ஆண்டில் டிரெஸ்டன் நகரத்துக்கு அருகே குண்டுவீச்சில் அழிந்துபோயிற்று. இரண்டாவது இன்று பாரிஸில் இருக்கிறது.

அந்தச் சவ அடக்கப் படம் மூன்று மீட்டருக்கு மேல் உயரமும் ஆறரை மீட்டருக்கு மேல் அகலமும் உள்ளது. கூர்பேயின் சொந்த ஊர்க்காரர்கள் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் அதில் ஆளுயரத்தில் நிற்கிறார்கள். அழுகிறவர்களும், அலுப்போடு வேறெங்கோ பார்க்கிறவர்களும், குடித்துச் சிவந்த மூக்குடையவர்களுமான சாதாரண மனிதர்கள். இதில் கோபிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். அந்தக் காலத்துச் சம்பிரதாயப்படி அத்தனை பெரிய திரை அரசர்களுக்கும் அர்ச்சிஷ்டர்களுக்கும் யுத்த வெற்றிகளுக்கும் உரியது. கிராமத்தானுக்கு, வரவேற்பறையில் மாட்டும்படியான ஒரு சிறிய சட்டமே யதேஷ்டம் என்று கருதப்பட்டது. வோட்டுச் சாவடியில் வந்து நின்றவன் கலாமண்டபத்திலும் அதே உயரத்தில் வந்து நின்றுவிட்டான் என்பதே கூர்பேயின் அபராதம். படத்தில் ஒரு வார்த்தை பேசப்படவில்லை. அதன் அளவுதான் பேசிற்று.

கூர்பே வாயாடி, சண்டைக்காரர், பிற்காலத்தில் பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி ஆட்சியில் சேர்ந்து சிறை சென்று, ஸ்விட்ஸர்லாந்தில் அகதியாக 1877இல் மாண்டவர். ஆனால் நாம் மேலே குறிப்பிட்ட கதிர் பொறுக்கும் பெண்களை எழுதிய ழான் பிரான்ஸுவா மில்லே முற்றிலும் வேறு சுபாவம் படைத்தவர். நார்மண்டிக் கடற்கரையில் குரூஷி என்ற குக்கிராமத்தில் 1814ஆம் ஆண்டில் ஒரு குடியானவக் குடும்பத்தில் பிறந்து, வயல் வேலை செய்து வளர்ந்து, பைபிளையும் வர்ஜிலையும் படித்து, 1849இல் பாரிஸுக்குத் தெற்கே பார்பிஸோன் என்ற கிராமத்தில் குடியேறி, 1875இல் அங்கேயே காலமானவர் அவர். தம்மைப் பொதுவுடைமைவாதி என்று சொன்னவர்களை அவர் மறுத்து வந்தார். கம்யூன் காலத்தில் கலைஞர் சம்மேளனத்தில் தம் பெயரைச் சேர்த்தபோதும் ஒப்பவில்லை. தாம் பார்த்ததை எழுதுகிறேன் என்பதற்குமேல் அவர் உரிமை எதுவும் கொண்டாடவில்லை.

‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ 1857ஆம் ஆண்டில் காட்சிக்கு வந்தது. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமுள்ள படம். முன்னால் மூன்று பெண்கள்: நீலத் தலைத்துணி அணிந்தவளும் சிவப்புத் தலைத்துணி அணிந்தவளும் இடுப்பு முறியும்படி குனிந்து, தரையைக் கையால் துழாவுகிறார்கள், மூன்றாமவள் பாதி நிமிர்ந்து, பொறுக்கியதைச் சரிசெய்கிறாள். இடப்புறத்தவள் ஒரு கையால் கதிரை எடுக்கும்போதே மற்றொரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டிருக்கிறாள்; அந்தக் கையில் ஏற்கெனவே பொறுக்கிய தாள்கள் இருக்கின்றன. நாள் முழுதும் குனிந்து வேலை செய்கிறவர்களோடு கூடவே வளர்ந்தவருக்கல்லாமல், அந்தக் கை அங்கேதான் போகும் என்பது தெரிந்திராது. இந்தப் பெண்களின் உடல்கள் தொடுவானத்தை மீறி எழாதபடி படம் அமைக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு பெரியவர்களாக முன்னால் நின்றாலும், அவர்களை மண்ணே பிடித்து வைத்திருக்கிறது.

பின்னால், பொன் வெளிச்சத்தில், வேறொரு உலகம் இருக்கிறது. மலைபோன்ற போர்கள், பாரம் தாங்காத வண்டி, கட்டுச் சுமக்கும் ஆட்களின் கூட்டம். வலப்பக்க ஓரத்தில், குதிரைமேல் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் மேற்பார்வை செய்யும் ஒருவன். மிராசுதாரின் காரியஸ்தன் என்று நாம் சொல்லக்கூடிய அந்த உருவம் விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய அளவே உள்ளது. கெயின்ஸ்பரோவின் படத்தில் உடைமையாளர் முன்னால் இருந்தார், உழைப்பவர் இல்லை. கான்ஸ்டபிளின் படத்தில் உழைப்பவர் தூரத்துப் புள்ளி. இங்கே ஏழைகள் அருகில் பெரிதாக நிற்க, அதிகாரம் தூரத்துப் புள்ளியாகிவிட்டது. கணக்கு அப்படியே தலைகீழாக மாறிவிட்டது. ஆனால் அதிகாரம் மறைந்துவிடவில்லை என்பதையும் மில்லே விடாமல் சொல்லிவிட்டார். அந்தக் காரியஸ்தன் இல்லாதிருந்தால் இது இரக்கத்துக்குரிய ஒரு காட்சியாக மட்டும் இருந்திருக்கும். அவன் இருப்பதால்தான் இது ஒரு ஏற்பாட்டைப் பற்றிய படமாகிறது.

அந்த ஏற்பாடு மிகவும் பழையது. அறுவடையில் சிந்தும் கதிர் ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது, வயலின் ஓரங்களை முற்றிலும் அறுக்காதே என்று லேவியராகமம் விதிக்கிறது. போவாஸின் வயலில் ரூத் கதிர் பொறுக்கிய கதையைப் பைபிள் படித்தவர்கள் அறிவார்கள். நம் பக்கத்து வயல்களிலும், களத்துக்குக் கட்டுப் போன பிறகு சிந்தின கதிரைப் பொறுக்கி ஒரு வேளைக் கஞ்சிக்குத் தேடிக்கொள்ளும் ஏழைகள் இருந்தார்கள். பிரான்ஸில் சூரியோதயத்துக்குப் பிறகும் அஸ்தமனத்துக்கு முன்பும், கட்டுகள் அகற்றப்பட்ட நிலத்தில் மட்டும் பொறுக்கலாம் என்ற நிபந்தனையோடு அந்த உரிமை நிலைத்திருந்தது. தர்மம் என்று சொன்னாலும் தகும், உரிமை என்று சொன்னாலும் தகும் என்ற அந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் படத்தின் நரம்பு. பின்னால் அவ்வளவு குவிந்திருக்க, முன்னால் இவ்வளவு சிந்தியிருப்பது எதனால் என்ற கேள்வியைப் பார்ப்பவன் தானே கேட்டுக்கொள்ள நேருகிறது.

பாரிஸ் விமரிசகர்கள் கேட்டுக்கொண்டார்கள், கேட்டதும் பயந்தார்கள். இவர்கள் வறுமையின் விதிதேவதைகள் மூவர் என்று போல் டி ஸேன்-விக்டர் ஏளனம் செய்தார். இவர்களுக்குப் பின்னால் கலகக்காரர்களின் ஈட்டிகளும் 1793ஆம் ஆண்டின் சிரச்சேத மேடைகளும் தெரிகின்றன என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். உண்மையில் பின்னால் தெரிந்தவை வைக்கோற் போர்களே. ஏழையை எழுதுகிறவன் கலகத்தை எழுத வேண்டியதில்லை. செல்வத்தையும் வறுமையையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துவிட்டால் போதும், கலகத்தைப் பார்ப்பவனுடைய மனச்சாட்சியே வரைந்துகொள்கிறது. பக்தி மிகுந்த, கட்சி சாராத மனிதர் ஒருவருடைய படம், கட்சிக்காரர்களின் படங்களைக் காட்டிலும் ஆழமாகத் தைத்ததன் ரகசியம் இதுவே.

அந்தப் படங்கள் பிற்பாடு அடைந்த கதி இந்தக் கதையில் ஒரு விபரீதமான அத்தியாயம். 3,000 பிராங்குக்கு விலைபோன ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ 1889இல் 3,00,000 பிராங்குக்கு ஷாம்பேன் மது வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டிய போமெரி சீமாட்டியிடம் போய், அவரால் தேசத்துக்கு அளிக்கப்பட்டது. வயலில் வேலை செய்யும் ஒரு தம்பதி மாலை மணியோசை கேட்டுப் பிரார்த்திப்பதைக் காட்டும் ‘ஆஞ்சலஸ்’ என்ற மில்லேயின் மற்றொரு படம் அதே 1889இல் 5,53,000 பிராங்குக்கு ஏலம் போய், அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அதைவிட அதிக விலைக்கு பிரான்ஸுக்குத் திரும்பிற்று. ஓவியனும் அவன் குடும்பமும் அந்த ஏற்றத்தில் ஒரு காசும் பெறாத அநியாயம் பலர் மனத்தை உறுத்தியதன் விளைவாக, மறுவிற்பனைகளிலும் கலைஞனுக்கு ஒரு பங்கு தர வேண்டும் என்ற சட்டம் 1920ஆம் ஆண்டில் பிரான்ஸில் பிறந்தது. விளைந்ததில் விளைவித்தவனுக்கு என்ன பங்கு என்ற வயலின் கேள்வி, வயலை எழுதிய படத்தின் தலையிலும் வந்து விழுந்தது.

நம் தேசத்தில் இந்தக் கேள்வி வேறொரு கோலம் பூண்டது. 1938ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் குஜராத்தில் தப்தி நதியை அடுத்த ஹரிபுராவில், சுபாஷ் சந்திர போஸின் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. சபை கிராமத்தில் நடக்க வேண்டும், அதன் அலங்காரமும் கிராமத்தாருக்குப் புரிவதாகவும் கிராமத்துப் பொருள்களால் ஆனதாகவும் இருக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். அந்தப் பொறுப்பைச் சாந்திநிகேதனத்தின் நந்தலால் போஸ் ஏற்றார். மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்த வர்ணங்களைக் கொண்டு, கைக்காகிதத்தில், அவரும் அவருடைய மாணவர்களுமாக ஏறக்குறைய 400 படங்கள் எழுதினார்கள். எண்பதுக்கு மேற்பட்டவை அவர் கைப்பட்டவை. உழவன், முரசடிப்பவன், தச்சன், தையற்காரன், தானியம் குத்தும் பெண் என்று, பஜாரில் விற்கும் பட்டச் சித்திரங்களின் வேகமான தூரிகை வீச்சில் அவர்கள் உருவானார்கள்.

‘உழவன்’ என்ற படத்தைச் சற்றுக் கவனிப்போம். கலப்பையைப் பிடித்தவனும் காளைகளும் சட்டம் முழுவதையும் நிரப்புகிறார்கள். தலைக்கு மேலே கோயில் மாடத்தைப்போல ஒரு வளைவு. தெய்வத்தையும் அரசனையும் எழுந்தருளப் பண்ணுவதற்கென்றே சிற்பிகள் கண்டுபிடித்த அந்த வளைவின் கீழ் நந்தலால் குடியானவனை நிறுத்தினார். எல்லாப் படமும் ஏறக்குறைய இரண்டடிதான். வாத்தியம் வாசிப்பவனுக்கு ஒரு மாடம் என்றால் தையற்காரனுக்கும் அதே அளவில் ஒரு மாடம். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் சமூகத்தில், அளவு மாறாத அந்தச் சட்டம் ஒரு சமத்துவப் பிரகடனம். கூர்பே அளவைப் பெரிதாக்கிச் சொன்னதை, நந்தலால் அளவை ஒன்றாக்கிச் சொன்னார்.

ஆனால் அதே மாடங்களுக்கு இன்னொரு குணமும் உண்டு: ஒவ்வொருவரும் தத்தம் வளைவுக்குள் தனியே நிற்கிறார்கள். நிலச் சொந்தக்காரனும் பண்ணையாளும் ஒரே சட்டத்துக்குள் சந்திப்பதில்லை. ஹரிபுரா அமைந்த சூரத் ஜில்லாவில்தான் ‘ஹாலி’ என்ற பண்ணையடிமை முறை வழங்கிற்று. துப்ளா வகுப்பைச் சேர்ந்த ஏழை, கலியாணத்துக்கென்று மிராசுதாரிடம் வாங்கிய கடனுக்காகத் தானும் தன் சந்ததியும் அந்த வீட்டு வேலைக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தான். அந்நிய சர்க்காரை எதிர்க்கும்போது கிராமம் ஒரே குடும்பமாகத் தோன்ற வேண்டியிருந்தது. ஆகவே காரியஸ்தனுடைய குதிரைக்கு அந்தப் பந்தலில் இடமில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1948ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி, அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் எழுந்து, இந்தியக் கிராமம் குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்பு வெறியும் குடிகொண்ட இடம் என்று கடுமையாகச் சொன்னபோது, நந்தலாலின் மாடங்களுக்கு வெளியே நின்றவர்களின் சார்பாகவே பேசினார் என்று கொள்ளலாம். இருவருடைய கிராமமும் மெய்தான்; ஒன்று அடைய வேண்டிய கிராமம், மற்றது அப்போது இருந்த கிராமம்.

இருந்த கிராமத்தை எழுதும் கடமை, ஹரிபுராவுக்குப் பிறகு விரைவிலேயே, வங்காளத்து இளைஞர்களின் தலையில் வந்து விழுந்தது. 1943ஆம் ஆண்டுப் பஞ்சம் வானம் பொய்த்ததால் மட்டும் வந்ததன்று. யுத்தகால விலையேற்றம், பர்மா அரிசி நின்றது, எதிரி கைக்குப் போகலாகாதென்று கரையோரத்துப் படகுகளைச் சர்க்கார் பறிமுதல் செய்தது, பதுக்கல் எல்லாம் சேர்ந்து விளைத்தது. சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷனே 15 லட்சம் மரணங்களை ஒப்புக்கொண்டது. 30 லட்சம் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலருடைய கணக்கு. ஜைனுல் ஆபெதீன் என்ற இளம் ஓவியர், கல்கத்தாத் தெருக்களில் வந்து விழுந்து மாண்ட கிராமத்தாரை, மலிவான பொட்டலக் காகிதத்தில் கறுப்பு மையும் வறண்ட தூரிகையுமாக எழுதினார். கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த சித்தப்ரசாத் 1943 நவம்பரில் மிதினாபூர் ஜில்லாக் கிராமங்களிலே சுற்றி வந்து, ‘பசித்த வங்காளம்’ என்ற புத்தகத்தைச் சித்திரங்களோடு வெளியிட்டார். சர்க்கார் அதன் 5,000 பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. ஓவியரின் குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்த ஒரு பிரதியைக் கொண்டு 2011ஆம் ஆண்டில் அது மறுபடி அச்சாயிற்று.

சித்தப்ரசாதின் கோட்டுச் சித்திரங்களில் ஒரு விசேஷம் உண்டு. பசியால் வற்றிய உடம்பை வரைந்ததோடு நிற்காமல், பக்கத்திலேயே அந்த மனிதனின் பெயர், ஊர், தொழில், குடும்பத்தின் கதி ஆகியவற்றைக் குறித்துவைக்கிறார். புரூகலின் தூங்கும் அறுவடைக்காரனுக்குப் பெயர் இல்லை. மில்லேயின் மூன்று பெண்களுக்கும் இல்லை. கெயின்ஸ்பரோவின் நிலச்சுவான்தாருக்கு மட்டும் பெயர் இருந்தது. கிராமச் சித்திரத்தில் பெயர் தாங்கும் யோக்கியதை அதுவரை நிலம் தாங்கியவர்களுக்கே இருந்தது. பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த ஒரு வாரக்குடியின் பெயரைப் படத்தோடு சேர்த்து எழுதியதன் மூலம், இவன் ‘ஏழை’ என்ற பொதுச் சின்னமல்லன், கணக்குக் கேட்க உரியவன் என்று அவர் ஸ்தாபித்தார். எரிக்கத்தக்க புத்தகம் என்று சர்க்கார் அதைக் கருதியதில் வியப்பில்லை.

இந்த வழியில் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தவர் சோம்நாத் ஹோர். 1946ஆம் ஆண்டு இறுதியில் வங்காளத்து வாரக்குடிகள், விளைச்சலில் சரிபாதியை நிலச் சொந்தக்காரருக்கு அளந்துவந்த வழக்கத்தை மறுத்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தரமாட்டோம் என்று கிளம்பினார்கள். தேபாகா என்பது அந்தக் கிளர்ச்சியின் பெயர். அப்போது கலைப்பள்ளி மாணவராயிருந்த ஹோர் ரங்கபூர் ஜில்லாவுக்குச் சென்று, குடியானவர்களின் வீடுகளில் தங்கி, நாட்குறிப்பும் சித்திரமுமாக அதைப் பதிவுசெய்தார். பங்கு எவ்வளவு என்பதோடு, அறுத்த நெல்லை யாருடைய களத்தில் போரிடுவது என்பதும் அங்கே பெரிய வழக்காயிருந்தது. சொந்தக்காரனுடைய களத்துக்குப் போய்விட்டால் அளப்பவன் அவன். பழைய கடன், வட்டி, விதை நெல் என்று கழித்தது போக மிஞ்சுவதே குடிவாரம். ஆகவே நெல்லை நம் களத்துக்கே கொண்டுபோவோம் என்று அவர்கள் கதிரைத் தங்கள் வாசலுக்குச் சுமந்தார்கள். மில்லேயின் படத்தில் குதிரைக்காரனுடைய பார்வையின் கீழ் எழும்பி நின்ற அந்தப் போர்கள், தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு தேசத்தில், படத்தின் முன்பக்கத்துக்கு இழுத்துவரப்பட்டன.

கட்சி நோக்கமுள்ள படமே உயர்ந்தது, மற்றவை ஏமாற்று என்பது இவற்றிலிருந்து பெறப்படும் தாத்பரியமன்று. கான்ஸ்டபிளின் மேகங்கள் என்றைக்கும் அழகானவை. கட்சிக்காக எழுதப்பட்டு, கட்சியோடு மறந்துபோன எத்தனையோ சித்திரங்கள் உண்டு. ஆனால் அழகு வேறு, நிரபராதித்வம் வேறு. காளையும் பனையும் சூரியனும் மட்டும் உள்ள காலண்டர்ப் படத்துக்கும் ஒரு ராஜீயம் இருக்கிறது: நிலத்தில் யாருக்கும் யாரோடும் வழக்கில்லை என்பதே அது. அந்தக் கட்சியை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். அது ஒரு கட்சி என்று அறிந்துகொண்டு ஏற்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. விளைச்சல் எங்கே குவிந்திருக்கிறது, அதை அளக்கிறவன் எங்கே இருக்கிறான், குனிந்தவனுக்கு முகமும் பெயரும் உண்டா என்று பார்க்கப் பழகியவனுக்குச் சித்திர ரசனை குறைந்துபோவதில்லை; தூரத்துப் புள்ளியைக்கூட விடாமல் பார்க்கும் கண் அவனுக்குக் கிடைக்கிறது.